பழைய லேத்தில் கியர் போனால்: சத்தத்தில் தொடங்கி மாற்றுக் கியர் வரை

பழைய லேத்தை வைத்திருப்பவர்களுக்கு என்றைக்காவது ஒரு நாள் இந்தத் தொல்லை வரும். கியர் போய்விட்டது, மெஷின் செய்த கம்பெனியும் கைமாறிவிட்டது அல்லது மூடிவிட்டது, இனி எங்கே தேடுவது? என் பதில்: கம்பெனி பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அளவைப் பிடியுங்கள். நேர்ப்பல் கியருக்குப் பல் எண்ணிக்கை, மாட்யூல் அல்லது டிபி (பல்லின் பருமனைச் சொல்லும் மெட்ரிக், இஞ்சு அளவுகள்), அழுத்தக் கோணம் (பல்லின் பக்கச் சாய்வு), அகலம், துளை என்ற ஐந்தும் தெரிந்தால் அது எந்த ஊர் லேத்தாக இருந்தாலும் இங்கே சிங்கப்பூரிலேயே வழி இருக்கிறது. கடைக்குப் போய் "அங்கிள், லேத் கியர் இருக்கா?" என்று கேட்டால் அவர் கையை விரிப்பார். அவர் மேல் தப்பில்லை.

அதற்கும் முன்னால், போனது கியர்தானா, எந்தக் கியர், ஏன் போனது என்று பார்க்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுக் கியரைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். எதைத் தொடுவதற்கு முன்பும் மின்சாரத்தை முழுசாகத் துண்டியுங்கள். ஸ்டாப் பட்டனை மட்டும் நம்பி கியருக்குள் விரலை விடாதீர்கள்.

சுற்றுக்கு ஒருமுறை "டக்" என்று அடிக்கிறது

முதலில் டம்ளர் நெம்புகோலை (பக்கவாட்டுக் கியர் வரிசையைச் சேர்க்கவும் பிரிக்கவும் உள்ளது) நியூட்ரலில் வைத்து ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு பக்கவாட்டுக் கியர் வரிசையில் இருக்கிறது. நிற்கவில்லை என்றால் ஹெட்ஸ்டாக்கிலோ (ஸ்பிண்டில் என்ற சுழல்தண்டைத் தாங்கும் தலைப் பகுதி) பெல்ட்டிலோ இருக்கிறது. உலோகக் கொக்கி போட்டு இணைத்த பழைய தட்டைப் பெல்ட், அந்த இணைப்பு புல்லியில் ஏறும்போதெல்லாம் அச்சு அசலாகப் பல் உடைந்த சத்தத்தைத் தரும்.

கியர் வரிசைதான் என்று தெரிந்த பிறகு, மின்சாரத்தைத் துண்டித்து மூடியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கியரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கை (வேலைத்துண்டைப் பிடிக்கும் பகுதி) கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சக் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது என்று எண்ண வேண்டும். ஸ்பிண்டில் கியருக்கு 30 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் தட்டினால் அந்தக் கியர், அல்லது அதே 30 பல் உள்ள இன்னொன்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தட்டினால் 60 பல் கியரைப் பாருங்கள். நேர் வரிசையில் எல்லாக் கியரிலும் ஒரே எண்ணிக்கைப் பற்கள்தான் கடந்து போகும் என்பதால் இந்தக் கணக்கு பிசகாது. ஒரே ஸ்டட்டில் (கியர் உட்காரும் சிறு தண்டு) இரண்டு கியர் சேர்ந்து சுற்றும் கூட்டு வரிசை என்றால் அந்த இடத்தில் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

தட்டும் இடம் தெரிந்ததும் உடனே கியர் தேடக் கிளம்பாதீர்கள். பல்லின் அடிப் பள்ளத்தில் பிசிறு சிக்கி, கிரீஸோடு இறுகி, கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரைபர் முனையால் தோண்டி எடுங்கள். இதோடு முடிந்துபோகும் கதைகள் நிறைய.

ஸ்பிண்டிலின் பெரிய கியரில் ஒன்றிரண்டு பல் இல்லை

பேக் கியர் (ஸ்பிண்டிலின் வேகத்தைக் குறைக்கும் கியர்) உள்ள லேத்துகளில் அடிக்கடி பார்க்கும் காயம் இது. காரணமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: இறுகிப்போன சக்கைக் கழற்ற, பேக் கியரையும் நேர் ஓட்டப் பூட்டையும் (புல்லியை நேராக ஸ்பிண்டிலோடு பூட்டுவது) ஒரே நேரத்தில் போட்டு ஸ்பிண்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, சக்கைச் சுத்தியலால் அடிப்பது. அடி முழுவதும் வார்ப்பிரும்பு கியரின் ஒற்றைப் பல்லில் போய் இறங்கும். மறை (திருகுவரி) போட்ட சக்கைக் கழற்ற, தாடையில் தடித்த கம்பி ஒன்றை இறுக்கிப் பிடித்து, பெல்ட்டின் இறுக்கத்தை மட்டும் துணையாக வைத்து, மரச்சுத்தியலால் தட்டுங்கள். முந்தின ராத்திரியே மறையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு வைப்பது இன்னும் நல்லது.

இந்தக் கியரை மாற்றுவதைவிடப் பழுது பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. மாற்ற வேண்டுமென்றால் ஸ்பிண்டிலை வெளியே உருவ வேண்டும், பேரிங்கைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். நன்றாக இருக்கும் பேரிங்கைக் கலைத்துவிட்டு அப்புறம் அதோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. பேக் கியர் மெதுவாகச் சுற்றுவது, பழுது பார்த்த பல் தாங்கும்.

உடைந்த இடத்தில் பள்ளம் வெட்டி, அதில் இறுக்கமாக உட்காரும் எஃகுத் துண்டைப் பொருத்தி, பிரேசிங் செய்தோ திருகாணி போட்டோ நிலைநிறுத்துவார்கள். இன்னொரு வழி, பல் இருந்த வரிசையில் மூன்று நான்கு துளை போட்டு மறை வெட்டி மறைக் கம்பிகளை இறுக்கி, அவற்றை அரத்தால் பல் வடிவுக்குக் கொண்டுவருவது. எதைச் செய்தாலும் நல்ல பல் ஒன்றின் வடிவத்தை மெல்லிய தகட்டில் வெட்டி எடுத்து, அதை வைத்துப் பார்த்துப் பார்த்து ராவ வேண்டும். வார்ப்பிரும்பைச் சூடாக்குவதும் ஆறவிடுவதும் மெதுவாக நடக்க வேண்டும். அவசரப்பட்டால் கியரே விரிசல் விடும்.

உடையவில்லை, ஆனால் ஊளையிடுகிறது

கியர்கள் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி நெருங்கியிருக்கலாம். பிரிண்டரில் போடும் சாதாரணக் காகிதத்தில் ஒரு கீற்று கிழித்து, இரண்டு கியருக்கும் நடுவே விட்டு, நெருக்கி வைத்து, ஸ்டட்டை இறுக்குங்கள். பிறகு கையால் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. பல் பதிந்த இடமெல்லாம் வெட்டுப்பட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் விலக்குங்கள்.

இடைவெளி சரியாக இருந்தும் ஊளை நிற்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது, முன்பு யாரோ போட்டுவிட்டுப் போன தப்பான கியரை. 20 டிபியும் மாட்யூல் 1.25-உம் கையில் வைத்துப் பார்த்தால் ஜோடி மாதிரியே இருக்கும். 20 டிபி என்பது மாட்யூல் கணக்கில் 1.27. பல்லுக்குப் பல் தூரம் ஒன்றில் 3.99 மி.மீ., மற்றதில் 3.93 மி.மீ. சுற்றும், சத்தம் போடும், சீக்கிரம் தேயும். பிரிட்டிஷ் லேத்தில் அளவில் நெருங்கிய இந்த மெட்ரிக் கியரைத் திணித்தால் இதுதான் நடக்கும்.

மறை வெட்டுகிறது, ஆனால் நட் ஏறவில்லை

லேசாக ஒரு கீறல் மட்டும் வெட்டி, பத்து மறையின் நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். கேட்ட அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் உள்ள விகிதமே எந்தக் கியர் தப்பு என்று காட்டிக்கொடுக்கும். உதாரணமாக, 40 பல் ஓட்டும் கியர் இருக்க வேண்டிய இடத்தில் 38 இருந்தால் மறை அந்த விகிதத்தில் குறுகிவிடும். பல் எண்ணை முத்திரை குத்தியிருந்தாலும் நம்பாமல் எண்ணுங்கள்.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. மெட்ரிக் முறைக்கு மாறும் வேலையைப் பார்க்க இங்கே 1971-இல் தனி வாரியம் அமைத்தார்கள். இன்று கையில் வரும் போல்ட்டும் நட்டும் பெரும்பாலும் மெட்ரிக். ஆனால் மைஃபோர்ட் எம்எல்7 போன்ற பழைய பிரிட்டிஷ் லேத்தின் லீட் ஸ்க்ரூ (மறை வெட்டும்போது கருவியை நகர்த்தும் நீளத் திருகு) இஞ்சுக்கு 8 மறை, அதாவது 3.175 மி.மீ. பிட்ச் (மறைக்கு மறை தூரம்). அதில் 1.5 மி.மீ. மறை வெட்ட வேண்டிய விகிதம் 60-க்கு 127. இஞ்சையும் மில்லிமீட்டரையும் பிசகில்லாமல் இணைக்கும் எண் அந்த 127தான், 25.4 என்பது 127-ஐ 5-ஆல் வகுத்தது என்பதால்.

மெஷினை வாங்கும்போது 127 பல் கியர் கூட வரவில்லை என்றால் அழ வேண்டாம். 20 டிபியில் அதன் வெளி விட்டம் ஏறக்குறைய 164 மி.மீ.; பல லேத்துகளில் அது மூடிக்குள் அடங்காது. 63 பல் கியர் ஒன்று போதும். 100-க்கு 127 என்ற விகிதத்தின் இடத்தில் 63-க்கு 80 என்று போட்டால் பிசகு பத்தாயிரத்தில் ஒன்றே கால்தான். 100 மி.மீ. நீள மறையில் அது 0.0125 மி.மீ. போல்ட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. 60-க்கு 127 என்பது 100-க்கு 127-ஐ 30-க்கு 50-ஆல் பெருக்கியது; ஆகவே நம் 1.5 மி.மீ. உதாரணத்துக்கு 63-க்கு 80, அதோடு 30-க்கு 50 என்று கூட்டு வரிசை போடலாம். இஞ்சு லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மறை வெட்டும்போது ஹாஃப் நட்டை (லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் பிளவு நட்) திறக்காமல் மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித்தான் திரும்ப வர வேண்டும். மறை போட்ட சக் பின்னோட்டத்தில் கழன்றுவிடும், வேகத்தைக் குறையுங்கள்.

சக் சுற்றுகிறது, லீட் ஸ்க்ரூ சுற்றவில்லை

இதற்குப் பெரும்பாலும் கியர் வாங்க வேண்டியதில்லை. டம்ளர் நியூட்ரலில் இருக்கிறதா, கியரின் சாவி (கியரைத் தண்டோடு பூட்டும் சிறு கட்டை) அறுந்திருக்கிறதா, லீட் ஸ்க்ரூ முனையில் வேண்டுமென்றே மெலிதாக வைத்த பாதுகாப்பு பின் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். முறிந்த பின்னுக்குப் பதிலாகக் கெட்டியான எஃகுக் கம்பியைச் சொருகாதீர்கள். அடுத்த மோதலில் கியர்தான் போகும்.

ஏப்ரன் எண்ணெயில் மஞ்சள் மினுமினுப்பு, பளு ஏறினால் ஃபீட் (கருவி தானாக நகர்வது) நிற்கிறது

ஏப்ரன் என்பது கருவியைத் தாங்கும் வண்டியின் முன்பக்கப் பெட்டி. அதற்குள், திருகு மாதிரியான வார்மோடு சேர்ந்து சுற்றும் வெண்கல வார்ம் சக்கரம் தேய்கிறது. இதில் மாட்யூல் மட்டும் தெரிந்து பயனில்லை. வார்மின் சாய்வு, எத்தனை தொடக்கம், வலதா இடதா என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும். சக்கரத்தை மட்டும் எடுத்துப்போகாமல் வார்மையும் சேர்த்தே கியர் வெட்டுபவரிடம் கொடுங்கள்.

கியர் ஹெட்ஸ்டாக் ஒரே ஒரு வேகத்தில் மட்டும் அலறுகிறது

எல்லா வேகத்திலும் அலறினால் பேரிங்கும் எண்ணெயும். ஒரு வேகத்தில் மட்டும் என்றால் அந்த வேகத்துக்கான ஜோடி. கோல்செஸ்டர், ஹாரிசன் போன்ற பிரிட்டிஷ் லேத்துகளின் உள் கியர்கள் கடினப்படுத்தி அரைத்தவை. இங்கே மட்டும் அசல் உதிரிபாகமே சரி. அந்த இரண்டுக்கும் இங்கிலாந்திலிருந்து உதிரிபாகம் இன்னும் வருகிறது. மெஷினின் வரிசை எண் இல்லாமல் விசாரிக்காதீர்கள், பெரும்பாலும் டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனை) பக்கத்து பெட்டில், அதாவது அடித்தளத்தில், குத்தியிருக்கும்.

அளவெடுப்பது

இனி உண்மையான வேலை. பட்டறையில் சீனியர் அண்ணன் ஒருவர் "தம்பி, அது மாட்யூலா டிபியா?" என்று கேட்டால், "பார்க்க பிரிட்டிஷ் மாதிரி இருக்கண்ணே" என்று சொல்வது பதில் ஆகாது. வெர்னியரை எடுங்கள்.

பல்லை எண்ணுங்கள். வெளி விட்டத்தை அளந்து, அதை பல் எண்ணிக்கையோடு 2 சேர்த்து வரும் எண்ணால் வகுத்தால் மாட்யூல். 40 பல், வெளி விட்டம் 53.3 மி.மீ. என்றால் 53.3-ஐ 42-ஆல் வகுக்க 1.27. ஆக 20 டிபி. அதே 40 பல்லுக்கு 52.5 மி.மீ. வந்தால் மாட்யூல் 1.25. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆகவே ஸ்கேல் போட்டு அளப்பது உதவாது. வரும் எண் 1.41 என்றால் 18 டிபி, 1.59 என்றால் 16 டிபி. ஒற்றைப்படைப் பல் என்றால் ஒரு பல்லுக்கு நேர் எதிரே பள்ளம் வரும், வெர்னியர் குறைத்துக் காட்டும். அப்போது துளையின் ஓரத்திலிருந்து பல் நுனி வரை அளந்து, இரட்டித்து, துளை விட்டத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அழுத்தக் கோணத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய லேத்துகளில் 14.5 டிகிரி சகஜம், இன்று கேட்லாக்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 டிகிரி. இதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான வழி உண்டு. வெர்னியர் தாடைகளுக்குள் ஐந்து பல்லைப் பிடித்து அளங்கள். பிறகு நான்கு பல்லைப் பிடித்து அளந்து கழியுங்கள். 20 டிபியில் மிச்சம் 3.86 மி.மீ. வந்தால் 14.5 டிகிரி, 3.75 வந்தால் 20 டிகிரி. மாட்யூல் 1 என்றால் அந்த எண்கள் 3.04, 2.95. பல் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அந்தத் தேய்மானம் கழித்தலில் அடிபட்டுப் போகும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். இருந்தாலும் கியரில் மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள், குறைவாகத் தேய்ந்த இடம் சரியான பதிலைத் தரும்.

சரிபார்க்கச் சில தெரிந்த எண்கள்: மைஃபோர்ட் எம்எல்7 சேஞ்ச் கியர் (மறையின் அளவுக்கேற்ப மாற்றிப் போடும் கியர்) 20 டிபி, 14.5 டிகிரி. சவுத் பெண்ட் 9 இஞ்சு 18 டிபி. 10 இஞ்சு அட்லஸ் 16 டிபி. சின்ன சீன லேத்துகளில் மாட்யூல் 1. அட்லஸின் சேஞ்ச் கியர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, அவற்றில் பல் உதிர்வதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

எங்கே தேடுவது

முதல் இடம் உங்கள் லேத்தின் கியர் பெட்டிதான். வேலைக்கு வேண்டிய விகிதத்தை வேறு கியர்களால் கொண்டுவர முடியுமா என்று கணக்குப் போடுங்கள். உடைந்தது இடையில் சும்மா சுற்றும் கியர் என்றால் அதன் பல் எண்ணிக்கை விகிதத்தைத் தொடாது, இடத்தில் அடங்கும் எந்தக் கியரும் ஆகும்.

அடுத்தது கேட்லாக் கியர். மாட்யூல் கியருக்கு ஜப்பானின் கேஹெச்கே நிறுவனம். வரைபடத்தோடு அளவுகள் இணையத்தில் இருக்கும். டிபி கியருக்கு அமெரிக்காவின் பாஸ்டன் கியர், 14.5 டிகிரியிலும் வைத்திருக்கிறார்கள். மைஃபோர்ட் 2011-இல் ஆர்டிஜி டூல்ஸ் கைக்குப் போனது, அதன் கியர்கள் புதிதாகவே கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருள் சேவை வரி 9 விழுக்காட்டைக் கணக்கில் சேருங்கள். 400 வெள்ளிக்குக் கீழே இருந்தால் வரியில்லை என்ற பழைய பேச்சு 2023 ஜனவரியோடு முடிந்துவிட்டது. கேட்லாக் கியரின் துளையைப் பெரிதாக்கவும், சாவிப் பள்ளம் வெட்டவும், தேவையற்ற கழுத்தைச் சீவவும் வேண்டியிருக்கும்.

அதற்கு லேத் வேண்டுமே என்று திகைக்காதீர்கள். சேஞ்ச் கியர் உடைந்தாலும் கையால் ஃபீட் கொடுத்து லேத் வேலை செய்யும். தன் கியருக்கான வட்டத்தைத் தானே கடைந்துகொள்ளும். வட்டத்தை முடித்துக் கொடுத்தால் வெளியே பல் வெட்டும் கூலி மட்டும்தான். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி மாட்யூலால் பெருக்கி வரும் விட்டத்துக்குக் கடையுங்கள்.

பல் வெட்ட சிங்கப்பூரில் ஒரு வசதி இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை: வயர்கட், அதாவது மெல்லிய கம்பியில் மின்பொறி பாய்ச்சி உலோகத்தை அறுப்பது. அச்சு வார்ப்பு செய்யும் கம்பெனிகளுக்காகவே காக்கி புக்கிட், உபி, உட்லண்ட்ஸ் பக்கம் இந்த வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். நேர்ப்பல் கியர் என்றால் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுத் தகட்டிலிருந்தே அறுத்து வாங்கலாம், சாவிப் பள்ளத்தையும் அதே ஓட்டத்தில் முடித்துவிடுவார்கள். டிபியா மாட்யூலா என்ற கட்டர் கவலையே கிடையாது. வரைபடத்தில் பல்லின் வளைவு சரியான இன்வால்யூட்டாக (கியர் பல்லுக்கான வளைகோடு) இருக்க வேண்டும், வெறும் வட்டத் துண்டாகப் போட்டுக் கொடுக்காதீர்கள். தடிமன் கூடக் கூட நேரமும் கூலியும் கூடும். சாய்ந்த பல்லுக்கு இந்த வழி இல்லை. அதற்கு ஹாபிங் மெஷின் (கியர் பல் வெட்டும் இயந்திரம்) உள்ளவரிடம்தான் போக வேண்டும். இங்கே சின்ன வேலையை எடுக்கத் தயங்கினால் ஜோகூர் பாருவில் கேட்டுப் பாருங்கள். ஊருக்குப் போகும் வேலை இருப்பவர்கள் கோவையில் வெட்டி வாங்கி வரலாம், பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன அந்த ஊரில் கியர் வெட்டும் பட்டறைக்குக் குறைவில்லை.

ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடைகளில் கியரைவிட, அதைச் சுற்றி வேண்டியவை கிடைக்கும்: பேரிங், சாவி எஃகு, புஷ், ரீமர். பழையது குவிந்துகிடந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடியாகிவிட்டது. இப்போது அந்தத் தேடலை இணையச் சந்தையான கரோசெல்லில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அங்கே கியரைத் தேடுவதைவிட, அதே மாடல் மெஷினைப் பிரித்து விற்பவரைத் தேடுங்கள்.

காசு கொடுத்து எஃகில் வெட்டும் முன் ஒரு பிளாஸ்டிக் கியரை 3டி பிரிண்டரில் அடித்துப் பொருத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். அளவு தப்பியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். லேசான மறை வேலைக்கு அதுவே சில காலம் ஓடும். ஹெட்ஸ்டாக்குக்குள் மட்டும் அதைப் போடாதீர்கள்.

புதுக் கியர் போட்ட பிறகு ஒரு இடத்தில் இறுக்கம், எதிர்ப்பக்கம் தளர்வு

பல்லின் வட்டமும் துளையின் மையமும் ஒன்றாக இல்லை. துளையைப் பெரிதாக்கும்போது கியரை மூன்று தாடைச் சக்கில் அப்படியே பிடித்ததால் வருவது. டயல் கேஜை வைத்து, பல் பள்ளங்களில் ஒரே அளவு ஊசிக் கம்பியை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் சேஞ்ச் கியருக்குப் போதும், காகிதத்தை இறுக்கமான இடத்தில் வைத்து இடைவெளியைச் சரிசெய்துகொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் நான்கு தாடைச் சக்கில் மையம் பார்த்துத் துளையைக் கடைந்து, வெண்கல புஷ் அடித்து, மறுபடி சரியான அளவுக்குத் துளையிடுங்கள். சாவிப் பள்ளம் உள்ள கியர் என்றால் எஃகு புஷ் அடித்து, பள்ளத்தைப் புதிதாக வெட்ட வேண்டும்.